மூன்று கயிறுகளுக்கு உள்ளே: பென்சில்வேனியாப் பயணம்

வியாழன், தெற்குப் பிலடெல்பியா

பிலடெல்பியா வருகிறவர்கள் வழக்கமாக விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் ஊருக்குள் நுழைந்ததும் நேராகத் தெற்கே இறங்கி, நான்காம் தெருவும் ஷங்க் தெருவும் சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். எதிரே மர்ஃபி ரெக்ரியேஷன் சென்டர். மாநகராட்சியின் விளையாட்டுக் கூடம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பந்தாட வந்து போகிறார்கள். ஆனால் 2002 பிப்ரவரி 23 அன்று ‘ரிங் ஆஃப் ஹானர்’ என்ற சின்ன மல்யுத்த நிறுவனம் தன் முதல் காட்சியை இங்கேதான் நடத்தியது. அன்றைய கடைசி ஆட்டத்தில் மூன்று பேர்: லோ கீ, கிறிஸ்டோபர் டேனியல்ஸ், பிரையன் டேனியல்சன். லோ கீ ஜெயித்தார்.

எங்கள் அப்பா தலைமுறைக்கு மல்யுத்தம் என்றால் கிங்காங், தாராசிங். எங்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் ஆடிய டபிள்யூடபிள்யூஎஃப் சீட்டு. உயரம், எடை சொல்லிச் சொல்லி அண்டர்டேக்கரைப் பிடுங்கிக்கொள்வோம். அந்தச் சீட்டில் ஏறாதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாமல், ஒவ்வொரு வார இறுதியும் ஒவ்வொரு ஊரில், காட்சிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஆடுகிறவர்கள் அவர்கள். இங்கே ‘இண்டி’ என்கிறார்கள். தேர்தல் பாஷையில் நாம் சொல்கிற சுயேச்சை. அவர்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் அக்கா மகன்தான் வழிகாட்டி. கல்லூரியில் படிக்கும்போதே இந்தக் காட்சிகளுக்குப் போய்ப் படம் எடுக்க ஆரம்பித்தவன். இப்போது ரிங் மாட்டுவதிலிருந்து நாற்காலி போடுவது வரை கூட நிற்கிறான்.

எடிசனிலிருந்து வரும் வழியில் அவன் ஒரு விஷயம் சொன்னான். 1989ல் இதே நியூஜெர்சி மாநில செனட் முன்னால் டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியே வந்து, எங்கள் மல்யுத்தம் போட்டி விளையாட்டு இல்லை, பார்வையாளர்களை மகிழ்விப்பதற்கான நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. போட்டி விளையாட்டு என்றால் மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் மேற்பார்வை பார்க்கும், வரி கேட்கும். அதிலிருந்து விடுபடத்தான் அந்த வாக்குமூலம். “நிஜமா பொய்யா என்கிற கேள்வி அன்றைக்கே முடிந்துபோச்சு மாமா. அதற்கப்புறமும் எல்லாரும் அதையே கேட்கிறார்கள்” என்றான். முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான். விழுவதைப் பேசி வைத்துக்கொள்ளலாம், வலிக்காமல் இருக்கும்படி பேசி வைக்க முடியாது.

சுயேச்சைகள் எங்கிருந்து வந்தார்கள்? 1980களின் தொடக்கம் வரை அமெரிக்கா முழுக்க வட்டாரத்துக்கு ஒரு முதலாளி இருந்தார். வீரர்கள் ஓர் ஊரில் சில மாதம், அலுத்ததும் அடுத்த வட்டாரம் என்று வருஷம் முழுக்க வேலை பார்த்தார்கள். டபிள்யூடபிள்யூஎஃப் முதலாளி வின்ஸ் மெக்மேன் கேபிள் டிவியை வைத்துக்கொண்டு நாடு முழுவதையும் பிடித்தபோது அந்த வட்டாரங்கள் ஒவ்வொன்றாக மூடின. 2001ல் மிச்சமிருந்த பெரிய போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவையும் அவர் வாங்கிவிட்டார். பெரிய சம்பளம் தரும் வாசல் ஒன்றுதான் என்று ஆனது. வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கிடைத்தது இந்த மர்ஃபி மாதிரிக் கூடங்கள்.

டேனியல்சனின் கதை எனக்கு மனப்பாடம். வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன், மரம் வெட்டும் ஊர். 1999ல் பள்ளி முடித்த கையோடு டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குப் போய் வீரர் ஷான் மைக்கேல்ஸ் நடத்திய மல்யுத்தப் பள்ளியில் சேர்ந்தார். மெக்மேனின் பெரிய கம்பெனி ஒரு பயிற்சி ஒப்பந்தம் கொடுத்தது, 2001ல் நீக்கியும் விட்டது. அடுத்த வருஷம் இந்தக் கூடம். பிறகு ஜப்பான், இங்கிலாந்தின் விடுமுறை முகாம்கள் என்று சுற்றினார். 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை ரிங் ஆஃப் ஹானரின் சாம்பியன். அந்தக் காலத்தில் ஒரு மணி நேர ஆட்டம் ஒன்றின் தொடக்கத்திலேயே தோள் விலகியும் கடைசி வரை ஆடி முடித்தார். 2007ல் ஜப்பானிய வீரர் மோரிஷிமாவோடு மோதி விழித்திரை பிய்ந்தது. இவ்வளவுக்கும் பெரும்பாலும் கூட்டம் சில நூறு பேர்தான்.

2009ல் பெரிய கம்பெனி மறுபடி எடுத்தது. 2010ல் டிவியில் வந்த சில மாதத்திலேயே, நேரலையில் அறிவிப்பாளரின் டையை இழுத்து நெரித்தார் என்று நீக்கியது. அந்தக் கோடையில் அவர் செய்தது என்ன தெரியுமா? திரும்பவும் இதே மாதிரிக் கூடங்களில் காட்சி ஒப்புக்கொண்டு ஆடினார். பிறகு கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. அப்புறம்தான் 2014 ஏப்ரல், நியூ ஆர்லியன்ஸ், கம்பெனியின் மிகப் பெரிய வருடாந்தரக் காட்சியான ரெஸில்மேனியா, 75 ஆயிரம் பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டம், ஒரே இரவில் இரண்டு ஆட்டம், பட்டம். 2016ல் தலைக்காயங்களால் ஓய்வு. 2018ல் மருத்துவர்கள் அனுமதித்துத் திரும்பினார். 2024 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளியில் ஏஇடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தின் உலகப் பட்டம்.

மர்ஃபி கூடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் ஸ்வான்சன் தெருவும் ரிட்னர் தெருவும் சேருமிடத்தில் 2300 அரீனா. 1990களில் இது வைக்கிங் ஹால். பிங்கோ விளையாடுகிற மண்டபம். ஈசிடபிள்யூ என்ற நிறுவனம் இங்கே ஆடித்தான் பெயர் பெற்றது. ரசிகர்கள் வீட்டுத் தோசைக்கல் வரைக்கும் கொண்டுவந்து, அடிக்கச் சொல்லி வீரர்கள் கையில் கொடுப்பார்களாம். 1994ல் ஒரு நாள் டெர்ரி ஃபங்க் என்ற வீரர் நாற்காலி ஒன்று கேட்க, கூட்டமே தன் நாற்காலிகளை ரிங்குக்குள் எறிந்தது. உள்ளே இருந்தவர்கள் நாற்காலிக் குவியலின் அடியில். அந்த நிறுவனம் 2001ல் திவாலானபோது பல வீரர்களுக்குச் சம்பள பாக்கி. அந்தப் புகழுக்கு உடம்பைக் கொடுத்தவர்களுக்குப் பணம் வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். இன்றும் குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாம் நடக்கின்றன. பக்கத்தில் ஐ-95 நெடுஞ்சாலை மேம்பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.

வெள்ளி, ஒரு பயிற்சிப் பள்ளி

ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக் கிடங்கு ஒன்றில் இருக்கும் பள்ளி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். உள்ளே ஒரு ரிங், ஓர் ஓரமாக எடை தூக்கும் சாமான்கள், வியர்வை வாடை.

ரிங்கை இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் பார்த்தேன். இரும்புச் சட்டம். அதன்மேல் மரப்பலகைகள் வரிசையாக. பலகைமேல் விரல் பருமனுக்கு ஃபோம், அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான். மெத்தை என்று ஒன்று கிடையாது. இங்கே கயிறு என்பது இரும்பு வடம். அதைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாய்க்குள் விட்டு, மேலே டேப் சுற்றியிருக்கிறார்கள். கையால் அழுத்திப் பார்த்தேன், அசையவே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதில் ஓடி மோதிப் பழகும்போது அக்குளுக்குக் கீழே விலாவில் நீலமாகக் கன்றிப்போகும். ஒரு பெண் கையைத் தூக்கிக் காட்டினாள்; மூன்று கோடு, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக.

முதல் பாடம் விழுவது. குந்தி உட்கார்ந்து, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே மல்லாக்கச் சாய வேண்டும். முதுகின் மேல்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், கைகள் இரண்டும் பக்கவாட்டில் அறைய வேண்டும். முகவாய் கொஞ்சம் தூக்கினால் பின்மண்டை பலகையில் மோதும். இதை ‘பம்ப்’ என்கிறார்கள். மாலை முழுக்க ஆசிரியர் சொன்னது ஏறக்குறைய இது ஒன்றுதான்: முகவாய், முகவாய், முகவாய்.

ஒரு பக்கக் கயிற்றிலிருந்து மறுபக்கக் கயிற்றுக்கு மூன்றே எட்டு வைத்து ஓட வேண்டும். கழுத்தைக் கட்டுவது எப்போதும் இடது கையால். மெக்சிகோவில் வலது கை. தெரியாத இருவர் தெரியாத ஊரில் சந்தித்தாலும் ஆட முடிவது இதனால்தான். யார் ஜெயிப்பது என்பதை நடத்துகிறவர் சொல்லிவிடுவார். நடுவில் வருகிற பலதையும் அங்கேயே காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள். எதிராளி தன் கழுத்தையும் முதுகையும் உங்கள் கையில் ஒப்படைக்கிறார். அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் திறமை என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சனி, ஆலன்டவுனுக்கு வடக்கே

ஆலன்டவுனில் சுயேச்சை வீரர் ஒருவர் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். நாற்பதை நெருங்கும் வயது, பதினைந்து வருஷ அனுபவம். வார நாட்களில் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றும் வேலை. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கிடங்குகள்தான். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று. அதில் பூட்ஸ், முழங்கால் பட்டை, டேப், மாற்று உடை. பெட்டியின் பாதிக்கு மேல் டீ-ஷர்ட்டும் கையெழுத்துப் போடும் படங்களும். மருமகன் வண்டி ஓட்ட, பெரியவருக்கு முன் சீட்டு. இந்தத் தொழிலில் அதற்கும் முறை உண்டு: இளையவர் ஓட்ட வேண்டும், ஓட்டுகிறவரைத் தனியாக விட்டு மற்றவர்கள் தூங்கக் கூடாது.

இந்த ஊருக்கு மல்யுத்தம் புதிதில்லை. ஆலன்டவுன் கண்காட்சித் திடலிலும் கொஞ்சம் தள்ளி ஹாம்பர்க் ஊரிலும்தான் 1984 வரை டபிள்யூடபிள்யூஎஃப் தன் டிவி நிகழ்ச்சிகளைப் படம் பிடித்தது. சமோவா மல்யுத்தக் குடும்பத்து வீரர் அஃபா இந்த வட்டாரத்தில்தான் பயிற்சிப் பள்ளி நடத்தினார். இன்னொரு கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில் நீ தேறமாட்டாய் என்று அனுப்பப்பட்ட, பின்னாளில் பெரிய நட்சத்திரமான பட்டிஸ்டா இவரிடம் வந்துதான் கற்றுக்கொண்டார்.

காட்சி நடந்தது ஒரு தன்னார்வத் தீயணைப்புப் படையின் மண்டபத்தில். சுவரில் பிங்கோ எண் பலகை. சமையலறையில் தீயணைப்புப் படை வீட்டுப் பெண்கள் ஹாட் டாக்கும், உருளைக்கிழங்கு வைத்து அவித்து வெண்ணெயில் வதக்கிய பியரோகியும் விற்கிறார்கள். எனக்குப் பியரோகி பிடித்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு இரும்புச் சட்டங்களை இறக்கத் தொடங்கியவர்கள் அன்று இரவு ஆடப் போகும் அதே இளைஞர்கள். நானும் நாற்காலி பிரித்துப் போட்டேன். உள்ளே வரும் ஒவ்வொருவரும் அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுக்கிறார்கள், என்னிடமும். இறுக்கிப் பிடிப்பதில்லை, பூவைத் தொடுகிற மாதிரிதான். நான் உன்னை நோகாமல் பார்த்துக்கொள்வேன் என்று அதற்கு அர்த்தமாம்.

நூற்றைம்பது பேர் இருக்கலாம். குடும்பம் குடும்பமாக. எங்கள் ஆள் வில்லன். நுழைந்ததுமே இந்த ஊர் ஃபுட்பால் அணியைத் திட்டினார், கூரை பறந்தது. எதிரே நிற்கும் பையன் தொழிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஐந்து நிமிஷம் நன்றாகப் போனது. திடீரென்று பையன் அப்படியே நின்றுவிட்டான். அடுத்து என்ன என்பது மறந்துவிட்டது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கணமே பெரியவர் பாய்ந்து அவன் கழுத்தைக் கட்டி, தலையை விலாவோடு சேர்த்து அமுக்கினார். கூட்டம் ஊளையிட்டது. நான் ரிங் ஓரமாக மருமகன் பக்கத்தில் இருந்ததால் பார்க்க முடிந்தது: பெரியவரின் வாய் பையனின் தலைமுடிக்குள் புதைந்திருக்கிறது, தாடை மட்டும் அசைகிறது. முகத்திலோ கொலைவெறி. சில நொடி. பையன் முழங்கையால் மூன்று குத்து விட்டு விடுவித்துக்கொண்டு, கயிற்றில் ஓடித் திரும்பி வந்து அடித்த அடியில் பெரியவர் பறந்து விழுந்தார். மண்டபமே எழுந்துவிட்டது. மறந்ததை ஜெயிப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டார் மனிதர். எங்கள் விழுப்புரம் பக்கம் கூத்தில் துரியோதனன் விழப் போவது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் விடிய விடிய யாரும் எழுந்து போவதில்லை. இங்கே பாட்டி ஒருவர் தொண்டை கட்டும் வரை கத்தியதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் திடல்தான் ஞாபகம் வந்தது.

இன்னோர் ஆட்டத்தில் ஒருவர் மேல் கயிற்றிலிருந்து தவறி, பக்கவாட்டில் விழுந்தார். நடுவர் குனிந்து அவர் கையைப் பிடித்தார். விழுந்தவர் விரல்களை அழுத்தினார், அப்படியென்றால் ஒன்றுமில்லை. அழுத்தாவிட்டால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிக் காட்ட வேண்டும், அப்புறம் நடிப்பு கிடையாது, ஆட்டம் நின்றுவிடும்.

இடைவேளையில் பெரியவர் மேஜையில் உட்கார்ந்து டீ-ஷர்ட் விற்றார். நெஞ்சில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருக்கிறது. பையன் கொடுத்த அறை. வில்லன் என்பதால் சிரிக்கக் கூடாது, முறைத்துக்கொண்டே குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார். இரவு அவர் கையில் வந்த உறையில் 100 டாலர். டீ-ஷர்ட்டில் அதைவிட அதிகம் வந்திருக்கிறது. புதியவர்களுக்கு 20, 25 டாலர் கிடைத்தாலே அதிகம், கிடைக்காமலும் போகும். உங்கள் ஊரில் காட்சி நடந்தால் தயவுசெய்து அந்த மேஜையில் ஏதாவது வாங்குங்கள். நேராக வீரர் கைக்குப் போகிற காசு அது.

ஞாயிறு, டர்ன்பைக் – ஃப்ரீடம்

பிட்ஸ்பர்க் பக்கம் இன்னொரு காட்சிக்குப் பெரியவரை இறக்கிவிட ஒப்புக்கொண்டோம். பென்சில்வேனியா டர்ன்பைக், 1940ல் திறந்த சுங்கச் சாலை. ப்ளூ மவுண்டன், கிட்டட்டினி, டஸ்கரோரா, அலெகேனி என்று மலையைக் குடைந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. இலையெல்லாம் நிறம் மாறியிருக்கிறது. பெட்ரோலுக்குத் தன் பங்கை முதலிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வழியெல்லாம் பேச்சு. உடம்புக்கு ஏதாவது ஆனால் கிடங்கு வேலையின் காப்பீடுதான். மல்யுத்தத்தால் எதுவும் இல்லை. பெரிய கம்பெனிகளில்கூட வீரர்கள் ஊழியர்கள் கிடையாது, ஒப்பந்தக்காரர்கள்தான் என்றார். அவரும் ஒருமுறை தேர்வுக்குப் போய் வந்திருக்கிறார், பிறகு கூப்பிடவில்லை. மருமகன் கேட்டான், கோபம் இல்லையா என்று. “2018ல் சிகாகோ போனேன்” என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் செப்டம்பர் 1 அன்று, பெரிய கம்பெனியை விட்டு 2016ல் வெளியேறிய வீரர் கோடி ரோட்ஸும், அதற்கு வெளியே ஆடிவந்த யங் பக்ஸ் சகோதரர்களும் சொந்தப் பொறுப்பில் சிகாகோவுக்கு அருகே ‘ஆல் இன்’ என்ற காட்சி நடத்தினார்கள். இப்படிப்பட்டவர்களால் பத்தாயிரம் டிக்கெட் விற்க முடியாது என்று மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் முந்தைய வருஷம் சொன்னதுதான் தொடக்கம். அரை மணி நேரத்துக்குள் டிக்கெட் தீர்ந்தது; வந்தவர்கள் 11,263 பேர். நான்கு மாதத்தில் ஏஇடபிள்யூ என்ற புது நிறுவனம் அறிவிக்கப்பட்டது, எத்தனையோ சுயேச்சைகளுக்கு முதல்முறையாக நிலையான ஒப்பந்தம் வந்தது. அதே கோடி ரோட்ஸ் பெரிய கம்பெனிக்குத் திரும்பி, 2024 ஏப்ரலில் ரெஸில்மேனியாவில் ரோமன் ரெய்ன்ஸை வென்றது தெற்குப் பிலடெல்பியாவில்தான், மர்ஃபி கூடத்திலிருந்து சில நிமிஷக் கார் தூரத்தில். பெரியவர் அந்த 2018 கூட்டத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார். கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை வீங்கிவிட்டது என்றார்.

பிட்ஸ்பர்க் தாண்டி ஒஹாயோ ஆற்றோரம் ஃப்ரீடம் என்ற சின்ன ஊர். அங்கே போக வேண்டும் என்று நான்தான் கேட்டேன். டொமினிக் டெனூச்சி என்ற பழைய வீரர் இங்கேதான் மல்யுத்தப் பயிற்சி கொடுத்தார். 1980களின் நடுவே மிக் ஃபோலி என்ற கல்லூரி மாணவர் நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லாண்டிலிருந்து வார இறுதிதோறும் காரோட்டி வந்தார். ஒரு வழிக்கே ஆறு ஏழு மணி நேரம். அறைக்குக் காசில்லை, தூக்கம் காரிலேயே. ஷேன் டக்ளஸ் என்ற வீரரும் இதே ஆசிரியரின் மாணவர். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் சிவிக் அரீனாவில், ரிங்கைச் சுற்றி நிறுத்திய கூண்டின் 16 அடி உயரத்திலிருந்து அண்டர்டேக்கர் தள்ளிவிட ஃபோலி வர்ணனையாளர் மேஜைமேல் விழுந்த காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிறகு எழுந்து மறுபடி ஏறி, கூண்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டும் விழுந்தார். உடைந்த பல் மூக்குத் துவாரத்தில் வந்து நின்றது. அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள். டெனூச்சி 2021ல் காலமானார். இங்கே பார்ப்பதற்கு என்று எதுவும் இல்லை. ரயில் பாதை, ஆறு, மேட்டில் வீடுகள். பெரியவர் இறங்கிக் கொஞ்சம் நடந்தார். இவருக்கு முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. கீழிறங்கும் சாலையில் பக்கவாட்டாகத்தான் காலை வைக்கிறார். ரிங்கில் நேற்று இது எனக்குத் தெரியவே இல்லை.

இன்றைய காட்சியில் அவருக்கு இரண்டாவது ஆட்டம், தோற்க வேண்டியது. முடிந்ததும் இன்னொரு வண்டியில் ஆலன்டவுன் திரும்புகிறார், நாளை விடியற்காலை கிடங்கில் ஷிஃப்ட். நேற்றைய பையனிடமிருந்து போனில் செய்தி வந்திருந்தது: எங்கே தவறவிட்டேன் என்று சொல்ல முடியுமா? மண்டபத்து வாசலில் நின்றபடியே பெரியவர் அவனைக் கூப்பிட்டு, ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நாங்கள் ரிங் மாட்ட உள்ளே போனோம்.